எந்தக் கட்டை?

அம்மாமார் மலைக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன பிள்ளைக் காம்பராவில் என்னோடு ஒரே தொட்டிலில் மாறி மாறிக் கிடந்தவர்களே, உங்களில் இன்னும் இருக்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நேரில் பார்த்தால் நான் இவ்வளவு பேச மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாண வீடென்றாலும் சாவு வீடென்றாலும் அடுப்படியில்தான் நிற்பேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை போனேன். அங்கே படித்த எழுத்து போதும், இதைச் சொல்ல.

தோட்டத்தைக் கம்பெனி எடுத்த பிறகு, லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்களுக்குத் தனி வீடு கட்ட ஆளுக்கு ஏழு பேர்ச் காணி என்று சொல்லிக்கொண்டே இருந்தார்களே, அது எங்களுக்கு இந்த வருஷம்தான் கிடைத்தது. ரப்பர் வெட்டிய மலை. மரத்தைக் கொண்டுபோய்விட்டார்கள், கட்டைகள் மட்டும் நின்றன. அதைப் பிடுங்க மஞ்சள் நிறத்தில் ஒரு பெக்கோ மெசின் வந்தது. ஓட்டியவன் எஹலியகொடப் பக்கத்துச் சிங்களப் பையன், தமிழ் நன்றாகப் பேசுகிறான். ஒரு கட்டை எங்கள் பங்குக்கும் பக்கத்து வீட்டுப் பங்குக்கும் நடுவில் நின்றது. அவன் மேலே இருந்தபடியே என்னைப் பார்த்துக் கேட்டான்:

"ஆச்சி, எந்தக் கட்டை? இதுவும் உங்களுதா?"

எனக்கு வாய் திறக்கவில்லை. தலையில் போட்டிருந்த முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். மருமகள்தான் ஓடிவந்து பதில் சொன்னாள். பிறகு என்னிடம், "என்ன மாமி, வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்றாள். அந்த மெசின் பல்லைக் கொடுத்து ஒரு தூக்குத் தூக்கியதும் கட்டை வேரோடு வந்துவிட்டது. அறுந்த வேரில் பால் சொட்டியது. அந்தப் புளித்த வாசம் மூக்கில் ஏறியதும் நான் லயத்துக்கு வந்து படுத்துவிட்டேன். என்ன ஏது என்று வீட்டில் கேட்டார்கள். தலைவலி என்றேன்.

'எந்தக் கட்டை' என்ற அந்த இரண்டு சொல்லும் எங்கள் வீட்டில் சொல்லக்கூடாத சொல்லாக இருந்தன. ஏன் என்று இனிச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரத் துரை இருந்த காலம். எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் லயத்துக்கு மேலே இருந்த மேட்டு மலையில் மரமெல்லாம் கிழடாகிப் பால் வற்றிப்போனது என்று முழுதையும் வெட்டிச் சாய்த்தார்கள். அதற்கு முன் எங்கள் வாசலுக்கு வெயில் வந்து நான் பார்த்ததில்லை. மரம் போனதும் காலையிலேயே வெயில் அடுப்பங்கரைவரை வந்தது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "வீட்டு ஓட்டையெல்லாம் தெரியுது" என்பாள். பால் பிடிக்கிற சிரட்டைகளை மலையிலிருந்து பொறுக்கிவந்து எங்கள் லயத்துக் கோடியில் குவித்தார்கள். அந்தக் குவியல் ஓர் ஆள் உயரம் இருந்தது. நாங்கள் அதில் ஏறிச் சறுக்குவோம், கால் கிழியும். சிரட்டையில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்து உரித்துச் சுற்றிப் பந்து செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அது எகிறினால் கூரைக்குப் போகும். அப்படி ஒரு பந்தை இப்போது எந்தக் கடையிலும் காணோம்.

மரத்தை வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டையை வேரோடு எடுக்க வேண்டும். வேரில் வெள்ளையாக நூல் ஓடியிருக்கும். அது நோய். அந்தக் கட்டையை மண்ணில் விட்டால் புதுக் கன்றையும் அது பிடித்துக்கொள்ளும். அதனால் ஆண்களுக்கெல்லாம் அந்தச் சீசன் முழுக்கக் கட்டை பிடுங்குகிற வேலைதான். எங்கள் அப்பாவும் அதில்தான். கட்டையைச் சுற்றிக் குழி பறித்து, பக்க வேர்களைக் கோடாலியால் தறித்து, அலவாங்குக் கம்பியைக் கொடுத்து நாலு பேர் நெம்புவார்கள். அதற்கும் அசையாத கட்டைக்கு ஊருக்குள்ளிருந்து ஒரு யானை வரும், சங்கிலி போட்டு இழுக்க. யானைக்காரர் சிங்களவர், வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். அப்பா வீட்டுக்கு வரும்போது கையெல்லாம் பால் கறை. கழுவினால் போகாது. காய்ந்த பிறகு தோல் உரிவது மாதிரி உரியும். நான் உட்கார்ந்து உரித்து விடுவேன். அவர் பேசமாட்டார். எங்கள் அப்பாவுக்கும் வாய் கிடையாது, அது எனக்கும் வந்திருக்கிறது.

ஆனால் அப்பாவின் தங்கச்சி, என் அத்தை, அப்படியில்லை. அவள் கஹவத்தைப் பக்கம் கட்டிக்கொடுத்தவள். மாமா காய்ச்சலில் இறந்துபோனதும் பிள்ளை குட்டி இல்லாமல் எங்களிடமே திரும்பி வந்தாள். அப்பா துரையிடம் கெஞ்சி எங்கள் தோட்டத்து வேலைப் புத்தகத்தில் அவள் பேரைப் பதிய வைத்தார். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவிலேயே சாக்குத் தட்டி ஒன்றைக் கட்டி, அந்தப் பக்கம் அவள் இருந்தாள். பேசினால் சிரிப்பு வரும். யானைக்காரரிடம் சிங்களத்தில் வாயடித்து யானைக்குப் பழம் கொடுக்க எங்களைக் கூட்டிப் போனவள் அவள்தான். வெள்ளைச் சேலை கட்டிய பிறகும் அவள் சிரிக்கிறாள் என்று லயத்தில் சிலருக்கு வயிற்றெரிச்சல். அம்மாவுக்கும் கொஞ்சம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அத்தைக்கு நர்சரியில் வேலை. ஆற்றோரமாகப் பாத்தி போட்டு ரப்பர் கன்று வளர்க்கிற இடம் அது. பூவாளியால் தண்ணீர் ஊற்றுவாள். அந்தப் பூவாளியின் செம்புத் தலையைப் புளி போட்டு விளக்கி வைத்திருப்பாள், தூரத்திலிருந்தே மின்னும். கன்று விரல் பருமன் ஆனதும் நல்ல ஜாதி மரத்து மொட்டை அதில் வைத்து ஒட்டுக் கட்டுவார்கள். ஒட்டுப் பிடித்ததும் தலையைச் சீவி விடுவார்கள். அப்புறம் பார்த்தால் இலையில்லாத குச்சிதான். அதற்கும் தோட்டத்தில் கட்டை என்றுதான் பேர். மழை நன்றாகப் பிடித்த பிறகு அதைப் பிடுங்கி, வாழை மட்டையில் சுற்றிக் கொண்டுபோய்ப் புது மலையில் நடுவார்கள். பிடுங்கி வைத்து வெயிலில் போட்டால் செத்துப்போகும்.

ஆக, ஆண்களிடம் கட்டை பிடுங்கு என்றால் செத்த மரத்தின் அடி. நர்சரிப் பெண்களிடம் கட்டை பிடுங்கு என்றால் நடப்போகிற கன்று. ஒரே சொல். இருவருக்கும் தனித்தனியாக வேலை பிரித்துக் கொடுத்தவரையில் ஒரு கரைச்சலும் இல்லை.

பெரட்டுக் களம் எங்கள் லயத்துக்கு முன்னால்தான். விடிந்தும் விடியாமலும் கங்காணி அங்கே வந்து நின்று வேலை பிரிப்பார். ஒரு நாள், பள்ளிக்கூடம் லீவு என்பதால் நான் வாசற்படியில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தேன். முதல்நாளும் அதற்கு முதல்நாளும் மழை பெய்திருந்தது. பெரிய துரை மேட்டு மலையைப் பார்க்க வருகிறார் என்று கங்காணிக்கு அவசரம். எல்லோரையும் சேர்த்து ஒரே மூச்சில் சொன்னார்:

"இன்னைக்கு ஆம்பளை பொம்பளை எல்லாருக்கும் கட்டை புடுங்குற வேலை. பகலுக்குள்ள முடியணும். ஓடுங்க."

பெண்களெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அத்தைதான் கேட்டாள்.

"எந்தக் கட்டைங்க கங்காணியய்யா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். கங்காணி திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தார். வாயில் வெற்றிலை. அதை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"புருசன் கட்டை மண்ணுக்குள்ள போயி ஒரு வருசம் ஆகல, அதுக்குள்ள எந்தக் கட்டைன்னு கேக்குறியே!"

களமே சிரித்தது. பின்னால் நின்ற ஒருவன், "நம்ம கங்காணியும் நல்ல கட்டைதானே!" என்றான். இன்னும் சிரித்தார்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். எனக்கு அந்தப் பேச்சு விளங்கவில்லை. ஆனால் அத்தையின் காதுமடல் சிவந்ததும், அப்பா அலவாங்கின் முனையைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றதும் விளங்கியது. அத்தை மறுபடி கேட்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று ஆற்றுப் பக்கம் இறங்கினாள். மற்றப் பெண்களும் அவள் பின்னாலேயே போனார்கள்.

கங்காணி நினைத்தது, பெண்களும் மேட்டு மலைக்கு வந்து ஆண்கள் பிடுங்குகிற வேரைப் பொறுக்கிக் குவிக்க வேண்டும் என்று. அதை அவர் சொல்லவில்லை. சொன்னது அந்தக் கேலி ஒன்றுதான்.

பகலுக்குச் சோறு கொண்டுபோனபோது நான் நர்சரியைப் பார்த்தேன். பாத்தி முழுக்க ஓட்டை ஓட்டையாக இருந்தது. பிடுங்கிய கட்டைகளை வரிசையாக அடுக்கி வாழை மட்டை சுற்றிக்கொண்டிருந்தார்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, வெயில் கொளுத்தியது. அத்தை ஆற்றுத் தண்ணீரை அள்ளி அள்ளி மட்டைமேல் தெளித்தாள். என்னைப் பார்த்ததும், "சோத்தை வச்சிட்டுப் போ. எனக்குப் பசிக்கல" என்றாள். சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கங்காணி பெண்களைத் தேடிக்கொண்டு வந்தார். பாத்தியைப் பார்த்ததும் தலைப்பாகையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"அடிப்பாவிகளா, என் சோத்துல மண்ணைப் போட்டீங்களே!"

திரும்பவும் பாத்தியில் நடச் சொன்னார். ஓடி ஓடி நட்டார்கள். ஆனால் மழை வரவில்லை. இரண்டு நாள் போனதும் பச்சையாக இருந்த ஒட்டெல்லாம் சுருங்கிப் பழுப்பாகி, நகத்தால் சுரண்டினால் உள்ளேயும் காய்ந்திருந்தது. புது மலைக்கு நட வைத்திருந்தது அவ்வளவும் போயிற்று.

விசாரணைக்குத் துரை பெரட்டுக் களத்துக்கே வந்தார். எல்லோரையும் நிற்க வைத்தார்கள். துரைக்குத் தமிழ் தெரியும், ஆனால் தோட்டத்துக்கு வந்து கற்ற தமிழ்.

"யாரு சொன்னது, நர்சரி புடுங்க?"

"நான் மேட்டு மலைக் கட்டைன்னுதாங்க தொரை சொன்னேன்" என்றார் கங்காணி. "இவதான் காதுல வாங்காம எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டா."

துரை அத்தையைப் பார்த்தார். "நீ கேட்டதா? எந்த ஸ்டம்ப்னு கேட்டதா?"

"கேட்டேங்க."

"கேட்டது? அப்ப கங்காணி என்ன சொன்னது?"

அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். கங்காணியின் கழுத்து வேர்த்தது. அவர் என்ன சொன்னார் என்று அத்தை சொல்லிவிட்டால் அவர் தலைப்பாகை போய்விடும். சொல்லாவிட்டால் வேலைப் புத்தகத்திலிருந்து அவள் பேர் போய்விடும். அத்தை துரையின் முகத்தைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். சண்டைக்கு நிற்கும்போது அவள் அப்படித்தான் செய்வாள்.

"நான் எந்தக் கட்டைன்னு கேட்டேங்க தொரை. அதுக்குக் கங்காணியய்யா எல்லாருக்கும் முன்னால..."

அவ்வளவுதான் சொன்னாள். எங்கள் அப்பா, வாயே திறக்காத அப்பா, வரிசையை விட்டு ஓடிவந்து துரை முன்னால் கையைக் கூப்பினார்.

"தொரைகளே, அவளுக்கு வெளங்கல. பொம்பளைப் புள்ள, புத்தியில்லாம செஞ்சிட்டா. தப்பு எங்க மேலதாங்க. மன்னிச்சிருங்க."

அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு மூடிக்கொண்டாள். கங்காணி மூச்சு விட்டது எனக்கே கேட்டது.

"சரி. அவ பேர் வெட்டு" என்றார் துரை.

அப்பா இதை எதிர்பார்க்கவில்லை. இரண்டு நாள் வேலை நிறுத்துவார்கள், திட்டுவார்கள், அதோடு போய்விடும் என்று நினைத்திருந்தார். மன்னிப்புக் கேட்டால் துரைமார் இரங்குவார்கள் என்பது அவருடைய கணக்கு. ஆனால் மன்னிப்புக் கேட்டதும் தப்பு யாருடையது என்ற கேள்வியே துரைக்கு இல்லாமல் போய்விட்டது. பேர் வெட்டியவர்கள் லயத்தில் தங்கக்கூடாது. தங்க வைத்தால் வைத்தவர்கள் பேரும் போகும். அம்மா அப்போது மாசமாக இருந்தாள், என் தம்பி வயிற்றில்.

அன்று பொழுது சாய அம்மா அடுப்பில் ரப்பர் வேரை வைத்து எரித்துக்கொண்டிருந்தாள். அந்த விறகு எரிந்தால் சோறுகூட நாறும். சாக்குத் தட்டிக்கு அந்தப் பக்கம் அத்தை துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா தானாகவே பேச ஆரம்பித்தார்.

"வேற என்ன செய்யச் சொல்ற? நாலு பேர் முன்னால அந்தச் சொல்லை அவ வாயால சொல்ல விடவா? தொரை முன்னால? நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவ நடப்பா?"

அம்மா ஊதாங்குழலைக் கீழே வைத்தாள்.

"நாலு பேர் முன்னால அவன் சொன்னப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

பிறகு அவளே குனிந்து ஊதாங்குழலை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளும் களத்தில்தான் நின்றாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. அது அவளுக்கும் தெரியும்.

அத்தை போன நாள் விடியற்காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் வராத மழை. அவளுடைய தகரப் பெட்டியை அப்பா தலையில் வைத்துக்கொண்டார். நான் பின்னாலேயே போனேன், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரோட்டுக்குப் போக மேட்டு மலையைத் தாண்ட வேண்டும். கட்டை எடுத்த குழியெல்லாம் செம்மண் தண்ணீராக நிறைந்து, எங்கே பார்த்தாலும் சிவப்பாகக் கண் முழித்துக்கொண்டிருந்தது. கால் வைக்கிற இடமெல்லாம் அட்டை. யானைக்காரர் யானையின் காதுக்குக் கீழே மழைக்கு ஒதுங்கி நின்றார். எங்கே போகிறாய் அக்கே என்று சிங்களத்தில் கேட்டார்.

"தன்னே நே, அய்யே" என்றாள் அத்தை. தெரியாது அண்ணே, என்று அர்த்தம்.

"அனே, பவ்" என்றார் அவர். பாவம் என்று. எங்கள் ஆட்களில் ஒருவர் வாயிலிருந்தும் அந்த ஒரு சொல் வரவில்லை.

ரோட்டோரத்தில் பஸ்ஸுக்கு நின்றோம். அப்பா பெட்டியை இறக்கவில்லை, தலையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் பெட்டியிலிருந்து வழிந்து அவர் முகத்தில் ஓடியது. பஸ் வருகிற பக்கத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

"நான் உன் மானத்துக்காகத்தான் புள்ள..."

"மானம் அவன் சொன்னப்பவே போயிருச்சுண்ணே" என்றாள் அத்தை. கோபமாகச் சொல்லவில்லை. விளங்காத பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னாள். "பொழப்பு ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. நான் சொல்லியிருப்பேன்."

பிறகு என் தலையில் ஒட்டியிருந்த அட்டை ஒன்றை எடுத்துப் போட்டாள். பஸ் வந்தது. அவளே பெட்டியை வாங்கிக்கொண்டு ஏறினாள்.

எஹலியகொடையில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் வீட்டில் அவள் சமையலுக்கு இருக்கிறாள் என்று ரொம்ப நாள் கழித்துச் சேதி வந்தது. அவர்கள் நல்லபடியாக வைத்திருந்தார்கள் என்றும் சொன்னார்கள். நான் பெரியவளானபோது எனக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியவள் அத்தை. சொல்லியனுப்பியும் அவள் வரவில்லை. வேறு யாரோ ஊற்றினார்கள். இந்த வயதில் நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு அந்தச் சொல்லை அவள் சொல்லியிருந்தால் லயத்தில் ஒரு மாதம் பேசியிருப்பார்கள். அவ்வளவுதானே? அப்புறம் வேறு ஒருத்தியைப் பற்றிப் பேசப் போயிருப்பார்கள். அந்த ஒரு மாதத்துக்கு அப்பா பயந்தார். அதைப் பெரிய பயம் என்று அவர் நினைத்தார்.

பஸ் போன பிறகு நடந்ததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்பா லயத்துப் பக்கம் திரும்பவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தார். இவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை, என் கால் தரையில் பாவவில்லை. வழியெல்லாம் அவர் உதடு அசைந்துகொண்டே வந்தது. காது கொடுத்துக் கேட்டேன். கங்காணி சொன்ன அந்தப் பேச்சைத்தான், ஒரு சொல் மாறாமல், திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

துரை ஆபீஸ் படியில் இறங்கிக் காரில் ஏறப்போனார். அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் முன்னால் போய் நின்றார்.

"என்னா?" என்றார் துரை.

அப்பா வாயைத் திறந்தார். என் கையை அவர் நெரித்த நெரிப்பில் விரல் முறிந்துவிடும் போல இருந்தது. துரை மறுபடி, "என்னா?" என்றார்.

"மேட்டு மலையில..." என்றார் அப்பா. "கட்டைக் குழியில எல்லாம் தண்ணி நிக்குதுங்க தொரை."

"நல்லது. நீ போய் வாய்க்கா வெட்டு."

"சரிங்க."

கார் போய் வளைவில் மறைந்தது. அப்பா தலைத்துண்டைப் பிழிந்து கட்டிக்கொண்டு, மண்வெட்டி எடுக்க ஸ்டோருக்குப் போனார்.